இன்னும் எத்தனை நாள் இந்த டிரெயின்?

ஒரு நாளுக்கு 30 மில்லி. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் 10 மில்லி மூடியில் மூன்று முறை நிரப்பினால் வந்துவிடும் அளவு. டம்மி டக் எனப்படும் வயிற்றுச் சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் அடுத்த சில வாரங்களை இந்த எண்தான் ஆள்கிறது. வயிற்றிலிருந்து வெளியே தொங்கும், டிரெயின் எனப்படும் குழாய் வழியாக 24 மணி நேரத்தில் வடியும் நீர் இதற்குக் கீழே இறங்க வேண்டும். மறுநாளும் ஏறாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் பெரும்பாலான டாக்டர்கள் குழாயில் கை வைப்பார்கள். இன்னும் கண்டிப்பானவர்கள் 20 மில்லி வரை காத்திருப்பதும் உண்டு.

பலருக்கு ஏழாம் நாளிலோ பத்தாம் நாளிலோ அந்த நல்ல சேதி வந்துவிடுகிறது. சிலருக்கு வருவதில்லை. நேற்று 45, இன்று 60, நாளை 50 என்று கணக்கு இழுத்துக்கொண்டே போகும். இரண்டு வாரம் மூன்றாகும். நிம்மதியாகத் தலைக்குக் குளிக்க முடியாது, புரண்டு படுக்க முடியாது, வீட்டுக்கு ஆள் வந்தால் நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக் குழாயை மறைக்க வேண்டும். தையல் காய்ந்து, வலி குறைந்து, மற்றதெல்லாம் சரியான பிறகும் இந்த ஒன்று மட்டும் விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். "எனக்கு மட்டும் ஏன் நிற்கவே மாட்டேங்குது?" என்று கேட்காதவர்கள் குறைவு.

இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. ஆனால் நோயாளிக்கு அது முழுதாகச் சொல்லப்படுவதில்லை. "கொஞ்சம் பொறுங்க, நின்னுடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நீர் ஏன் ஊறுகிறது, குழாய் அதிக நாள் இருந்தால் என்ன கெடுதல், அவசரப்பட்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அறுவைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

தோலுக்கும் தசைக்கும் நடுவே

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் டம்மி டக் செய்துகொள்கிறார்கள். பிரேசிலும் அமெரிக்காவும் இதில் முன்னணி நாடுகள். இது அழகுக்காக மட்டும் செய்யப்படுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை வேறு. இரண்டு மூன்று பிரசவங்களில் வயிற்றின் நடுத்தசைகள் விலகி, நிமிர்ந்து நிற்கும்போதும் கர்ப்பம் போல வயிறு தள்ளித் தெரியும் தாய்மார்கள், உடல்பருமன் குறைப்பு அறுவைக்குப் பின் 40, 50 கிலோ இறங்கி, தொங்கும் தோல் மடிப்புக்குள் வியர்வையும் புண்ணுமாக அவதிப்படுகிறவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் இதற்கு வருகிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் கெல்லி என்ற மகளிர் நோய் மருத்துவர் 1899இல் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து ஏழு கிலோவுக்கும் மேலான கொழுப்பு மடிப்பை அகற்றியதை இந்த அறுவையின் தொடக்க நிகழ்வுகளில் ஒன்றாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன.

சிசேரியன் தழும்பு இருக்கும் மட்டத்தில், ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து மறுபக்கம் வரை கீறுகிறார்கள். அங்கிருந்து தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் சேர்த்து, தசையின் மேலுறையிலிருந்து பிரித்து, விலா எலும்பு வரை தூக்குகிறார்கள். தொப்புள் மட்டும் தன் தண்டோடு இருந்த இடத்திலேயே நிற்கும். விலகிய தசைகளை நடுக்கோட்டில் இழுத்துத் தைத்துவிட்டு, தூக்கிய தோலைக் கீழே இறக்கி, மிச்சத்தை வெட்டி எடுத்து, தொப்புளுக்குப் புது வாசல் திறந்து, தையல் போட்டு மூடுகிறார்கள்.

வெளியே தெரிவது ஒரு நீளத் தையல். உள்ளே இருப்பதோ அடிவயிற்றிலிருந்து விலா வரை விரிந்த பெரிய ரணம். மேலே ஒரு பரப்பு, கீழே ஒரு பரப்பு, இரண்டும் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தலையணையும் உறையும் போல, அசையும்போதெல்லாம் மேலுள்ளது கீழுள்ளதன் மீது நழுவுகிறது. வெட்டுப்பட்ட மெல்லிய நிணநீர்க் குழாய்கள் அந்த இடைவெளியில் நீரைக் கசியவிடுகின்றன. ரணத்தை ஆற்ற உடல் அனுப்பும் புரதம் நிறைந்த திரவமும் சேர்ந்துகொள்கிறது. வெளியேற வழியில்லாமல் இந்த நீர் உள்ளேயே கோத்துக்கொண்டால் அதுதான் சீரோமா. டம்மி டக்கின் பின்விளைவுகளில் அடிக்கடி வருவது இதுவே. சீரோமா வராமலிருக்கத்தான் டிரெயின்.

சாதாரணமாக இரண்டு டிரெயின் வைப்பார்கள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. உள்ளே இருக்கும் பகுதியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வெளியே வரும் குழாயின் முனையில், கையால் அமுக்கினால் ஒடுங்கும் ஒரு சிலிக்கோன் பல்பு. காற்றை வெளியேற்றி மூடியைப் போட்டுவிட்டால் அது மெல்ல விரிய முயன்று உள்ளிருந்து நீரை உறிஞ்சும். நம் ஊர் மருத்துவமனைகளில் மடிப்பு மடிப்பாக, துருத்தி வடிவில் இருக்கும் ரோமோவேக் என்ற சாதனத்தையும் நிறையப் பார்க்கலாம். வேலை ஒன்றுதான்.

உறிஞ்சும்போது அந்த இழுவை தோலையும் தசையையும் நெருங்கவும் வைக்கிறது. நீரை வெளியேற்றுவதைவிட முக்கியமான பணி என்று இதைச் சொல்லலாம். இரண்டு பரப்பும் ஒட்டிக்கொண்டால் நீர் ஊறுவதற்கே இடம் இருக்காது.

பழைய குழாய், புதிய குழாய்

காயத்தில் குழாய் வைப்பது மிகப் பழைய பழக்கம். நெஞ்சில் சீழ் கோத்தவர்களுக்கு ஹிப்போகிரட்டிஸ் காலத்திலேயே குழாய் வைத்து வடித்திருக்கிறார்கள். 1859இல் பிரான்சின் அறுவை நிபுணர் சசைஞாக் மென்மையான ரப்பர் குழாயைக் கொண்டுவந்தார். சந்தேகம் இருந்தால் குழாய் வைத்துவிடு என்பது 19ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் அறுவை நிபுணர் லாசன் டெய்ட் பெயரில் இன்றும் சொல்லப்படும் அறிவுரை. அந்தக் காலத்துக் குழாய்களெல்லாம் திறந்தவை. நீர் கசிந்து கட்டுத்துணியை நனைக்கும். கிருமி அதே வழியாக உள்ளே போகும். 1950களில் பிரான்சின் ஹென்றி ரெடோன் மூடிய பாட்டிலில் வெற்றிடம் உண்டாக்கி உறிஞ்சும் முறையைப் பரப்பினார். இன்று டம்மி டக் நோயாளிகள் பலர் சுமக்கும் ஜாக்சன் பிராட் டிரெயின், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் மூளை அறுவைக்காக உருவாக்கியது. பிறகுதான் அது வயிற்றுக்கும் மார்புக்கும் வந்தது.

வீட்டில் ஒரு நாள்

மூன்று நான்கு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள், சில இடங்களில் மறுநாளே. டிரெயின் கூடவே வரும். அதன்பின் நர்ஸ் செய்துவந்த வேலை வீட்டாரின் கைக்கு வந்துவிடுகிறது.

சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழாய் தோலை விட்டு வெளியே வரும் இடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழாயை வைத்துப் பல்பை நோக்கி வழித்து விட வேண்டும். உள்ளே தங்கியிருக்கும் ரத்தக்கட்டியும் நார் போன்ற வெண்படலமும் நகர்ந்து போவது கண்ணாடிக் குழாய்க்குள் தெரிவதுபோல் தெரியும். பிடித்த கை நழுவினால் தோலில் போட்ட தையல் இழுபட்டுச் சுரீரென்று வலிக்கும். பிறகு பல்பின் மூடியைத் திறந்து, அளவு போட்ட கப்பில் ஊற்றி, நோட்டில் எழுத வேண்டும்: தேதி, நேரம், இடது எவ்வளவு, வலது எவ்வளவு, என்ன நிறம். கடைசியாகப் பல்பை நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே மூடியைப் போட வேண்டும். இதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். உப்பிய பல்பை அப்படியே மூடினால் இழுவை இருக்காது. பல்பு முக்கால்வாசி நிறைந்து கிடந்தாலும் இழுவை போய்விடும். இரண்டு நாள் இப்படி விட்டால் நீர் வெளியே வராது, உள்ளே கோத்துக்கொள்ளும். நோட்டில் எண் இறங்கியிருப்பதைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

நிறமும் ஒரு கணக்கு. முதல் ஓரிரு நாள் ரத்தச் சிவப்பு. அடுத்து ரோஸ் நிறம். ஒரு வாரத்துக்குள் வெளிறிய மஞ்சள். இந்த வரிசையில் போனால் கவலையில்லை. மஞ்சளுக்கு வந்தது திடீரென்று மறுபடி கடுஞ்சிவப்பானாலோ, கலங்கி நாற்றமடித்தாலோ அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நேற்று வரை 80 மில்லி வந்தது இன்று ஒரேயடியாக நின்று, வயிறு உப்பி, தையலோரம் ஈரம் கசிந்தால் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

இரவுதான் கஷ்டம். தையல் இழுபடாமலிருக்க முதுகுக்குத் தலையணை அடுக்கி, முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் தூங்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் குழாய் மேலேயே படுக்க வேண்டியிருக்கும். குழாயை, அறுவைக்குப் பின் கட்டும் வயிற்றுப் பெல்ட்டிலோ நைட்டியிலோ ஊக்கு குத்தித் தொங்கவிட வேண்டும். அதை மறந்து எழுந்தால் பல்பின் எடை முழுவதும் தோல் தையலில் விழும்.

ஏன் சிலருக்கு நிற்பதில்லை?

ரணத்தின் பரப்பு பெரிதானால் நீரும் அதிகம். உடல் எடை அதிகமுள்ளவர்கள், எடை குறைப்பு அறுவைக்குப் பின் வருகிறவர்கள், டம்மி டக்கோடு சேர்த்து, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனும் அதிக அளவில் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு டிரெயின் நாட்கள் நீள்வது எதிர்பார்க்கக்கூடியதே. புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் ரணம் ஆறுவதே தாமதம்.

அடுத்தது அசைவு. டம்மி டக்குக்குப் பிறகு நடக்காமல் படுத்தே இருப்பது ஆபத்து. காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போகும் அபாயம் ஒப்பனை அறுவைகளில் இதற்குத்தான் அதிகம். ஆகவே அன்றோ மறுநாளோ கூன் போட்டபடியாவது அறைக்குள் நடந்தே ஆக வேண்டும். ஆனால் நடப்பது வேறு, வேலை செய்வது வேறு. குனிந்து பாத்திரம் தேய்ப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, அழும் குழந்தையை இடுப்பில் வைப்பது எல்லாம் ஒட்டத் தொடங்கிய பரப்பைப் பிய்த்துவிடும். மறுநாள் டிரெயின் கணக்கு ஏறும். வலி இல்லையே என்று எட்டாம் நாள் சமையலறைக்குப் போன பெண்ணை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆறு வாரத்துக்குக் கனமான வேலை கூடாது என்று டாக்டர் சொன்னது வீட்டிலுள்ள எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். தினமும் வடிவது வெறும் தண்ணீர் கிடையாது, அதில் புரதம் இருக்கிறது. அதை ஈடுகட்டப் பருப்பு, முட்டை, மீன், பால், தயிர் என்று வழக்கத்தைவிடக் கூடுதலாக உள்ளே போக வேண்டும். நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். தையல் போட்டிருக்கிறது, சீழ் வைக்கும் என்று சொல்லி முட்டையையும் மீனையும் நிறுத்தி, இட்லியும் ரசமுமாகப் பத்தியம் வைக்கிறார்கள். முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. எடை குறைப்பு அறுவை செய்தவர்களுக்கு ஏற்கெனவே புரதமும் இரும்புச்சத்தும் குறைவாகவே இருக்கும். அவர்களைப் பத்தியத்தில் போடுவது ரணம் ஆறுவதைத் தள்ளிப்போடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயே ஒரு காரணமாக இருக்கலாம். சிலிக்கோனானாலும் உடலுக்கு அது அந்நியப் பொருள். உரசும் இடத்தில் திசு எரிச்சலடைந்து நீர் சுரக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு டிரெயின் வடிப்பதில் ஒரு பகுதி அந்த டிரெயினே உண்டாக்கியது என்று பல அறுவை நிபுணர்கள் கருதுகிறார்கள். ஆகவே 30 மில்லிக்கு வந்தே தீர வேண்டும் என்று மாதக் கணக்கில் காத்திருப்பது சரியல்ல. மூன்று வாரம் தாண்டியும் கணக்கு இறங்கவில்லையென்றால் காரணத்தைத் தேட வேண்டும். சிலருக்குக் குழாயை எடுத்துவிட்டு, ஸ்கேன் வைத்துக் கண்காணித்து, நீர் கோத்தால் ஊசியால் எடுத்துவிடுவது நல்லது.

கிருமிக்கு ஒரு வாசல்

தோலைத் துளைத்து வெளியே நிற்கும் குழாய், தோலில் வாழும் கிருமிகளுக்கு உள்ளே போக வழி. நாட்கள் ஏற ஏற அவை குழாயின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். இந்தப் பயத்தில் டிரெயின் இருக்கும் வரை ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுப்பது பல இடங்களில் நடைமுறை. மூன்று வாரம் டிரெயின் என்றால் மூன்று வாரம் மாத்திரை.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், டிரெயின் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக்கைத் தொடரக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யும் 2017இல் இதையே சொன்னது: சுத்தமான அறுவையில் கீறலை மூடிய பிறகு, டிரெயின் இருந்தாலும் கூடுதல் டோஸ் தேவையில்லை. தேவையில்லாத மாத்திரை கிருமியைத் தடுப்பதைவிட, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கவே உதவும். காய்ச்சலோ, குழாயைச் சுற்றிப் பரவும் சிவப்போ, சீழோ வந்தால் கதை வேறு. அப்போது நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு மருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் பரிசோதனையில் எதைத் தேடுவது என்பதும் முக்கியம். டொமினிக்கன் குடியரசில் நடந்தது இதற்குச் சரியான பாடம். குறைந்த செலவில் முடியும் என்று அமெரிக்காவிலிருந்து பெண்கள் அதன் தலைநகர் சாண்டோ டொமிங்கோவுக்குப் போய் டம்மி டக் செய்துகொண்டு திரும்பினார்கள். 2003, 2004இல் அவர்களில் சிலருக்கு வாரங்கள் கழித்துத் தையலோரம் முடிச்சு முடிச்சாக வீங்கி, நீரும் சீழும் வடியத் தொடங்கியது. வழக்கமான ஆன்டிபயாடிக் எதுவும் கேட்கவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் பிடிபட்டது மைக்கோபாக்டீரியம் அப்செசஸ். காசநோய்க் கிருமியின் உறவு. தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது, சரியாகச் சுத்திகரிக்காத கருவிகள் வழியே காயத்துக்குள் புகுவது. மறுபடி மறுபடி ரணத்தைத் திறந்து சுத்தம் செய்து, பல மருந்துகளைச் சேர்த்து மாதக் கணக்கில் கொடுத்தபிறகே குணமானார்கள். 2013, 2014இலும் அதே நாட்டுக்குப் போய்வந்தவர்களிடம் இதே கிருமி திரும்பியது.

இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி என்ற துளைவழி அறுவைக்குப் பின் துளைகள் ஆறாமல் வடிந்துகொண்டே இருந்த பல நோயாளிகளிடம் இதே குடும்பத்துக் கிருமிகள் கண்டறியப்பட்டு மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எனவே டம்மி டக் செய்து ஒரு மாதத்துக்குப் பிறகும் வடிதல் நிற்காமல், கல்ச்சரில் கிருமி எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தால், மைக்கோபாக்டீரியாவுக்கான தனிப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

அவசரப்பட்டு எடுத்தால்

"எப்படியாவது எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கெஞ்சுகிறவர்களும் உண்டு. நாளுக்கு 100 மில்லி வந்துகொண்டிருக்கும்போது எடுத்தால் அந்த 100 மில்லி உள்ளேதான் தங்கும். அடிவயிறு மெல்ல உப்பும். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அலையடிக்கும். இப்படித் தண்ணீர் கட்டிக்கொண்டால் ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அடிவயிற்றுத் தோல் அப்போது மரத்துப் போயிருப்பதால் பெரிதாக வலிக்காது. வாரம் ஒருமுறை, சில சமயம் இரண்டுமுறை என எடுக்க எடுக்கப் பெரும்பாலும் வற்றிவிடும்.

வற்றாமல் விட்டால்தான் சிக்கல். மாதக் கணக்கில் தேங்கிய நீரைச் சுற்றி உடல் ஒரு தடித்த உறையைக் கட்டிவிடும். வழுவழுப்பான அந்த உறையின் சுவர்கள் இனி ஒட்டாது. டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தை உள்ளே செலுத்திச் சுவர்களைப் புண்ணாக்கி ஒட்டவைக்கப் பார்ப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் மறு அறுவை செய்து உறையையே வெட்டி எடுக்க வேண்டும். மூன்றாவது வாரத்திலும் குழாயோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் டாக்டர் பெரும்பாலும் பயப்படுவது இதற்காகத்தான்.

குழாயே வேண்டாம் என்றவர்கள்

நீர் ஊறும் இடைவெளியை அறுவை மேஜையிலேயே மூடிவிட்டால் என்ன? இந்த யோசனை பிரேசிலிலிருந்து வந்தது. ரிக்கார்டோ பரோடி, ஃபெரெய்ரா என்ற மருத்துவர்கள் 1998இல் எழுதிய கட்டுரையில், தூக்கிய தோலின் அடிப்பகுதியைத் தசையுறையோடு பல இடங்களில் தைத்துவிடும் முறையை விளக்கினார்கள். மெத்தையில் போடும் தையலைப் போல உள்ளுக்குள் வரிசை வரிசையாகக் கரையும் நூல் தையல்கள். அமெரிக்காவின் டல்லஸில் தந்தையும் மகனுமான ஹார்லன் பொல்லாக், டாட் பொல்லாக் இருவரும் 2000இல் இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு தையலிலும் தோலைச் சிறிது சிறிதாகக் கீழே இழுத்துத் தைத்து வந்தால், கடைசிக் கோட்டில் விழும் இழுவை முழுவதும் உள்தையல்களுக்குப் பகிர்ந்துபோகும். தழும்பும் மெலிதாகும், நழுவலும் நின்றுவிடும். டிரெயின் இல்லாமல் இப்படிச் செய்த 597 பேரின் விவரங்களை 2012இல் வெளியிட்டார்கள். சீரோமா வந்தது மிக அரிது.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் கோஸ்டா ஃபெரெய்ரா குழுவினர் வேறு வழியில் போனார்கள். வயிற்றுக் கொழுப்பின் நடுவே ஸ்கார்ப்பா என்ற மெல்லிய சவ்வு ஓடுகிறது. அதற்குக் கீழே நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன என்பது அவர்களின் எண்ணம். அடிவயிற்றில் அந்தச் சவ்வையும் கீழுள்ள கொழுப்பையும் வெட்டாமல் விட்டுவிட்டு, மேலடுக்கை மட்டும் தூக்கினால் அவை பிழைக்கும் என்று கருதினார்கள். நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்ட அவர்களது ஆய்வில், டிரெயினில் வடிந்த மொத்த நீர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழாயும் சில நாட்கள் முன்னதாகவே வெளியே வந்தது.

2015 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ., டிஷ்யூகுளு என்ற பசையை டம்மி டக்குக்காக அனுமதித்தது. தோலுக்கும் தசைக்கும் நடுவே துளித்துளியாக வைத்து ஒட்டவைக்கும் மருத்துவப் பசை அது. அனுமதிக்காக நடந்த ஆய்வில் 130 பேர். பசை வைக்கப்பட்டவர்களில் 73 சதவீதத்தினருக்கு நீரை எடுக்கும் தேவையே வரவில்லை. குளிப்பது, மாடிப்படி ஏறுவது போன்ற அன்றாட வேலைகளுக்கு அவர்கள் சீக்கிரம் திரும்பினார்கள். ஆனால் மீதமிருந்தவர்களில் சிலருக்குப் பிறகு டிரெயின் போட நேர்ந்தது. வலியில் பசை வைக்கப்பட்டவர்களுக்கும் டிரெயின் வைக்கப்பட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பசையால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்ப இது போதாது.

இத்தனை ஆதாரம் இருந்தும் டிரெயின் ஏன் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது? உள்தையல்களுக்கு அறுவை நேரம் கூடுகிறது. பழகிய முறையை மாற்ற டாக்டருக்குத் துணிச்சல் வேண்டும். மிகப் பெரிய ரணங்களில் உள்தையலோடு டிரெயினும் வைப்பதே பாதுகாப்பு என்று அனுபவமுள்ளவர்களே சொல்கிறார்கள், அதை ஏற்கலாம். ஆனால் உள்தையல் போடும் பழக்கமே இல்லாமல், குழாய் பார்த்துக்கொள்ளும் என்று மூடிவிடுவதை ஏற்க முடியாது. நோயாளி எத்தனை நாள் குழாய் சுமப்பார் என்பது பெருமளவு மேஜையிலேயே முடிவாகிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் இதே குழாயைச் சுமந்து வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் இது பொருந்தும். அங்கும் தோலைத் தசையோடு தைத்து ஒட்டவைக்கும் முறை நீர் கோப்பதைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.  அழகு அறுவையில் கற்ற பாடம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

எடுக்கும் நாள்

குழாய் எடுப்பதை நினைத்துப் பயப்படாதவர் இல்லை. நடப்பது சில வினாடிகள். பல்பின் மூடியைத் திறந்து இழுவையை விடுவிப்பார்கள். தோல் தையலை வெட்டுவார்கள். மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொல்லி, அப்போது ஒரே சீராக இழுத்துவிடுவார்கள். வெளியே தெரிந்ததைவிட உள்ளே இருந்த பகுதி எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்துத்தான் பலர் திகைப்பார்கள். துளைக்குத் தையல் தேவைப்படாது. ஓரிரு நாள் கசிந்து, பஞ்சு நனைந்து, தானே மூடிக்கொள்ளும். இரண்டு டிரெயின் இருந்தால் குறைவாக வடிவதை முதலில் எடுப்பார்கள். அதனால்தான் நோட்டில் இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்கிறார்கள். எடுத்த பிறகும் பெல்ட்டை டாக்டர் சொன்ன நாள் வரை கழற்றக் கூடாது. நீர் கோப்பது குழாய் போன பிறகு ஓரிரு வாரத்திலும் வரலாம்.

டம்மி டக் செய்துகொள்ள நினைப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன், எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்த டாக்டரா என்று பார்த்துவிட்டு, அவரிடம் இவற்றைக் கேளுங்கள்: உள்தையல் போடுவீர்களா, டிரெயின் வைப்பீர்களா, எத்தனை மில்லிக்கு வந்தால் எடுப்பீர்கள், எத்தனை நாள் தாண்டினால் வேறு வழி பார்ப்பீர்கள், ராத்திரி இரண்டு மணிக்குக் குழாய் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது. பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே குழாயோடு வீட்டில் இருப்பவர்கள் இன்றைய கணக்கை எழுதுங்கள், பல்பு ஒடுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல், நாற்றம், கெண்டைக்கால் வலி, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.